செம்மண் தளத்தில் ஒரு பந்துத் தடம்

பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஆண்களுக்கான ஒரு சர்வதேச டென்னிஸ் போட்டி சில வருஷங்கள் நடந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் வந்த போட்டி அல்ல அது. தரவரிசையில் எப்படியாவது மேலே ஏறத் துடிக்கும் இளைஞர்கள், தோளில் ஒரு பையோடு தனியாக வருவார்கள். ஒரு ரிசார்ட் முதலாளிக்கு டென்னிஸ் பைத்தியம். அவர் போட்ட செம்மண் தளங்களில்தான் ஆட்டம். அவர் இறந்ததும் பிள்ளைகள் ரிசார்ட்டைப் பூட்டினார்கள். போட்டியும் நின்றது.

நான் அப்போது உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். பின்கோட்டைப் பார்க்கும் கோட்டு நடுவராக என்னை உட்காரவைத்தார்கள். பந்து வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்திக் கையை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கடைசி வருஷத்து இறுதி ஆட்டம். யாரோடும் அதிகம் பேசாத ஒரு நெட்டை வெள்ளைக்காரன் தோற்கும் நிலையில் இருந்தான். இன்னும் ஒரு புள்ளி போனால் முடிந்தது. அவன் அடித்த பந்து என் கோட்டின் வெளிவிளிம்பைத் தொட்டு விழுந்தது. கோட்டைத் தொட்டாலே பந்து உள்ளே என்பதுதான் விதி. அதற்குள் என் வாய் "அவுட்" என்று கத்திவிட்டது. தலைமை நடுவர் உயர நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தடத்தைக் காட்டச் சொன்னார். செம்மண்ணில் பந்து விழுந்த இடம் முட்டை வடிவில் பதியும். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே முன்பே பதிந்த தடம் ஒன்று கிடந்தது. நான் அதைக் காட்டினேன். இத்தனை பேர் முன்னால் தப்பாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. நடுவர் தலையாட்டினார். ஆட்டம் முடிந்தது.

அவன் சண்டை போடவில்லை. வலையைச் சுற்றி நடந்து வந்து, உண்மையான தடத்தைச் சுற்றி மட்டையின் நுனியால் ஒரு வட்டம் போட்டான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு போய் எதிராளிக்குக் கை கொடுத்தான்.

இப்போது நான் பாறசாலையில் விளையாட்டு டீச்சர். போன வருஷம் ஒரு டென்னிஸ் சங்கத்தார் நினைவு மலர் போடுகிறோம் என்று சொல்லி, அந்தப் போட்டியின் வரலாற்றை எழுதித் தரக் கேட்டார்கள். ஆட்டக்காரர்களின் பழைய விண்ணப்பங்களில் இருந்த விலாசங்களுக்கெல்லாம் கடிதம் போட்டேன். அந்த நெட்டையனுக்கும் போட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் இடத்தைப் பார்க்கப் போனேன்.

காவலுக்கு ஓர் அக்கா மட்டும் ஆடுகளோடு ரிசார்ட்டின் பின்கட்டில் இருந்தாள். 

"அங்ஙன என்ன இருக்கு டீச்சரே பாக்கியதுக்கு? முழுக்க காடாக்கும்" என்றாள்.

முழங்கால் உயரத்துக்குப் புல். வலைக் கம்பத்தின் அடிக்கட்டையை வைத்து என் கோடு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே தட்டு அளவுக்குப் புல்லே இல்லை. வெறும் மண்ணில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் முட்டை வடிவில் ஒரு தடம். காலையில் கொட்டித் தீர்த்த மழை எல்லாவற்றையும் கரைத்திருக்க வேண்டும். தடத்தின் ஓரம் சற்றுமுன் பதிந்ததுபோலக் கூர்மையாக இருந்தது.

"அக்கா, இங்க ஆராவது விளையாட வாறதுண்டா?"

"ஆரு வருவா? கேட்டைப் பூட்டுனா பூட்டுனதுதான்."

"அப்ப இது?"

அவள் பின்கட்டின் படிக்கட்டோடு நின்றுகொண்டாள். "அது மழை விட்டா தெரியும். நானும் தூத்து வாரியும் பாத்தேன், வெள்ளம் கோரி ஊத்தியும் பாத்தேன். மறுநாளும் உண்டு. பெறவு நான் அந்தப் பக்கம் போறதில்ல. ஆடும் போவாது."

"பயமில்லியா?"

"ஒண்ணும் செய்யல்லல்லா. அது பாட்டுக்கு கிடக்கு."

செருப்பால் அதைத் தேய்த்து அழித்தேன். மறு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் இருந்தது. பக்கத்துக் காயல் நீரில் சுற்றுலாப் படகுகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன. உச்சி வெயிலில் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் விலாசத்திலிருந்து பதில் வந்தது. எழுதியது அவனுடைய தங்கை. அண்ணன் நோய்வாய்ப்பட்டு இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆறும் கடலும் சேரும் அந்த ஊரைப் பற்றி அடிக்கடி சொல்வான். கடைசிப் பந்து வெளியேதான் விழுந்தது, அந்தப் பெண் சரியாகத்தான் சொன்னாள், கோபத்தில் வட்டம் போட்டது என் தப்பு என்பான் என்று எழுதியிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். கொஞ்ச நேரம் நெஞ்சு லேசானது. பிறகுதான் பயம் வந்தது. அவனுக்கு என்மேல் கோபமே இல்லை என்றால் அந்தத் தடம் ஏன் அங்கே கிடக்கிறது? பந்து பட்டபோது கோட்டிலிருந்து சுண்ணாம்புப் பொடி எழும்பியதை என் கண்ணால் பார்த்தவள் நான். வட்டம் போடக் குனிந்தவன் அதன் மிச்சத்தைப் பார்க்காமலா இருந்திருப்பான்? அவன் எனக்காகப் பொய் சொன்னானா, அல்லது சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டானா? எது உண்மை என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

தங்கைக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. மலருக்கான வரலாற்றிலும் அந்தப் பந்து உள்ளேதான் விழுந்தது, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். தேவையில்லாத விவகாரம் என்று அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, வென்றவன் பெயரை மட்டும் அச்சிட்டார்கள்.

ரிசார்ட் கைமாறியதும் அக்கா காரக்கோணத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போன மாதம் அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் பார்த்தேன். "டீச்சரே, சுகந்தானே?" என்று கேட்டாள். "சுகம் அக்கா" என்றேன். இரண்டு பேருமே அந்த இடத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்தவள், வரிசை நகர்ந்த பிறகும் விடவில்லை. எனக்கும் விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை.