ஜெரால்ட் விற்காத முள்

கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார், பிறகு தெருவைப் பார்ப்பார். அதன் பிறகுதான் ஜெரால்ட் வாய் திறப்பார். "விரால் முள்ளா? தீந்துபோச்சுங்க." காலடியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய முள் இருக்கிறது. பர்மாவில், லத்தா பேட்டைத் தெருவோரம் தூண்டில் சாமான் விற்கும் இவர், மழை தொடங்கிவிட்டால் இப்படித்தான் கூசாமல் பொய் சொல்வார்.

காரணம் கேட்டால் குரல் இறங்கிவிடும். "இப்பதான் குஞ்சு பொரிச்சிருக்கும். தாயும் தகப்பனும் காவல் நிக்கும். கிட்ட எது வந்தாலும் பாஞ்சு கடிக்கும், முள்ளையும்தான். அதுங்கள தூக்கிட்டா குஞ்செல்லாம் மத்த மீனுக்குத் தீனி."

"இது தடைக்காலம்தானே, புகார் கொடுங்களேன்" என்றேன்.

"அய்யய்யோ, மெதுவாப் பேசுங்க!"

இவ்வளவு பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். ராணுவப் பச்சைச் சீருடை கடந்து போனால் கோப்பை தளும்பும். கேலி செய்யவும் மனம் வராது. எண்பத்தெட்டில் ராணுவம் ஊர்வலத்தைச் சுட்ட நாளில் வெளியே போன அவர் அண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் படகேறி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போய், ஒரு குளத்தங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பார். போன வாரம் நானும் போனேன். கரையோரம் விரால் குஞ்சுகள் சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தன. அடியில் தாய் மீன் புரண்டது.

அப்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் முதுகில் கார் பேட்டரி, கையில் கம்பி சுற்றிய கழிகள். தண்ணீரில் கரண்ட் விட்டால் தாயும் குஞ்சும் ஒன்றாக மிதக்கும்.

ஜெரால்ட் என் கையைப் பிடித்தார். "வார்டு லூஜியோட மச்சான். வாங்க, போயிடலாம்."

ராணுவத்துக்குப் பேர் எழுதிக் கொடுக்கும் வார்டுத் தலைவரின் ஆள் என்றதும் நானும் எழுந்துவிட்டேன். நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் அவரைக் காணோம்.

திரும்பிப் பார்த்தால் குளத்துக்குள் முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார். ஆள் நிற்கும் தண்ணீரில் கரண்ட் விட்டால் ஆளும் போய்விடுவான். "ஆக்கோ, அண்ணே, குஞ்சு இருக்கு. மழை முடிஞ்சு வாங்க" என்று பர்மிய மொழியில் கெஞ்சினார்.

பேட்டரிக்காரன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "உன் பேர் என்ன? எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டான்.

ஜெரால்ட் பேரைச் சொன்னார். தெருவையும் சொன்னார். சொல்லிவிட்டு, இடுப்பு நனையும்வரை உள்ளே இறங்கினார்.