பதினோரு சிவப்பு ரிப்ளக்டர்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை அது. நான் ஐந்தாம் வகுப்பு. அப்போதே நோட்டில் நாள் தவறாமல் எழுதுகிற பழக்கம் இருந்ததால் கிழமையில் சந்தேகமில்லை.

சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் பாதி வருடம் மூடுபனி. பனிக்குள் வண்டி தெரியாது, அதில் ஒட்டிய ரிப்ளக்டர்தான் தெரியும். மூன்று மஞ்சள் என்றால் கங்காணி, நீலமும் வெள்ளையும் என்றால் பால்காரர். அப்பா தன் பைக்கில் எதுவும் ஒட்டியதில்லை. அவர் இறந்தபின் ரெண்டு நாளைக்கு என்று அதை வாங்கிப்போன சித்தப்பா, பதினோரு சிவப்பு ரிப்ளக்டரோடு வெள்ளிக்கிழமை கொண்டுவந்து நிறுத்தினார். ஆர்.சி. புக்கை எடுத்து வைக்கும்படியும், மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிப் போனார். தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் அதற்குள் அது அண்ணன் வண்டி போய்த் தம்பி வண்டி ஆகிவிட்டது.

மறுநாள் காலை அம்மா வெந்நீரில் துணியை முக்கி ஒவ்வொன்றின் மேலும் ஒற்றினாள். சூடு ஏறியதும் அடியில் தையல் நூலை விட்டு இழுத்து அறுத்தாள். ரிப்ளக்டர் கழன்றது, பசை நின்றது. தேங்காய் எண்ணெய்க்கு அது மசியவில்லை. டேங்கிலிருந்து ட்யூப் வழியாக ஒரு டம்ளர் பெட்ரோல் எடுத்து, பழைய பனியனில் தொட்டுத் துடைத்த பிறகுதான் உருண்டு உருண்டு வந்தது. எனக்குப் பொறுமையில்லை. டேங்கின் மேலிருந்த கடைசிக் கறையைப் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் தேய்த்தேன். வெள்ளையாக நாலு கோடு விழுந்தது.

அடிக்குக் காத்து நின்றேன். அம்மா விரலால் தடவிப் பார்த்தாள்.

"இருக்கட்டும் புள்ள. இது நம்ம போட்ட கோடு."

அப்போதுதான் சித்தப்பா வந்தார்.

"என்ன மதினி, எல்லாத்தையும் உரிச்சுப் போட்டிருக்கீக? பனியில யாரு வண்டின்னு எப்படித் தெரியும்?"

"தெரியவேண்டியவுகளுக்குத் தெரியும்."

"பொம்பளைக ரெண்டு பேரும் இத வச்சு என்ன பண்ணப் போறீக, கோழி அடைக்கவா?"

அம்மா ரிப்ளக்டர்களை அள்ளி அவர் கையில் வைத்தாள்.

"உங்களுது பதினொண்ணும் இருக்கு, பாத்துக்கிடுங்க தம்பி. நாளைக்குக் கோயிலுக்கு வண்டியோட வருவோம்."

ஞாயிறு காலை அம்மா வண்டியை நியூட்ரலில் தள்ளிக்கொண்டே சரிவில் இறங்கினாள். நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கோயில் முற்றத்தில் ஆண்கள் வண்டி நிறுத்தும் வரிசையில், நட்டநடுவில் இடம் பார்த்து ஸ்டாண்டு போட்டாள். பூசை முடியும்வரை சாவி அவள் கைக்குள்ளேயே இருந்தது. திரும்பும்போது மேடு. கை கொடுக்க வந்த இரண்டு பேரையும் வேண்டாம் என்றாள். ஆர்.சி. புக் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைக்குக் கீழே, "டேங்கிலிருந்து பெட்ரோல் எடுத்தோம், நிறைய இருந்தது" என்று எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே, "பெட்ரோல் இல்லாததால் தள்ளிக்கொண்டு போனோம்." இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே பேனாவில். அம்மாவுக்கு அன்றைக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.