மேசையில் இருந்த கறுப்பு

என் கணவர் கனடாவில், பிறம்ரனில் லொறி ஓட்டியவர். லீவு நாட்களில் ஏலக் கடைகளுக்குப் போய்ப் மேசை, அலுமாரி என்று பழைய ஆங்கிலேயத் தளபாடங்களைச் சும்மா பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் சும்மா வரவில்லை. ஒரு எழுதுமேசையோடு வந்தார். எங்கள் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் சோபாவைத் தள்ளி அதற்கு இடம் பிடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லண்டனிலை இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திச் செய்தது," என்றார். "செய்தவன்ரை பேர் தெரியாது. மேசை மாதிரியளைப் படம் கீறிப் புத்தகம் போட்ட முதலாளிமாரின்ரை பேர்தான் நிண்டது. இழைச்சவன் ஒருத்தனும் கையெழுத்து வைக்கேல்லை."

"பேர் தெரியாதவன் செய்ததை ஏன் வீட்டுக்குள்ளை கொண்டுவந்தனீங்கள்?"

"அதுக்குத்தான்."

உட்பலகையின் மேல் மஹோகனி மரத்தை மெல்லிய தோல்போலச் சீவி ஒட்டியிருந்தார்கள். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த பசையாம். அதைக் கேட்ட அன்றே சாமிப் படங்களை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். மனுசன் சிரித்தார். மேசையின் முன்பக்கத்தில் ஒரு கறுப்புப் படிந்திருந்தது.

"உது ஊத்தை இல்லையப்பா, எழுதினவையின்ரை கை பட்ட இடம். இப்ப என்ரை கையும் சேருது. உதைத் தேய்ச்சுப் போடாதையும்."

பதினாறு வருடம் மாலை வேளைகளில் அங்கே கையூன்றித் தளபாடப் புத்தகம் வாசித்தார். நான் குசினியில் சமைத்தபடி அவருடைய முதுகோடு சண்டை பிடித்தேன்.

போன மாசியில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன், சாவுத் துடக்குப் போக வீடு கழுவினோம். ஒரு மூலையும் விடக்கூடாது. அந்த மாட்டுப் பசை வேறு என் மனதை அரித்தது. சுடுதண்ணீரில் மஞ்சள் கரைத்து, மேசையை நானே அழுத்தித் தேய்த்தேன், இரண்டு தரம்.

மறுநாள் மேற்பரப்பு வெள்ளை பூத்திருந்தது. பசை இளகி, ஒட்டியிருந்த மரத்தோல் கிளம்பி நின்றது. கறுப்பைக் காணவில்லை. நிலத்திலேயே இருந்துவிட்டேன். செத்தவீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலிருந்து பழைய தளபாடம் திருத்துபவர் ஒருவர் வந்தார். எங்கள் ஆள்தான். விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஒட்டலாம் அக்கா. அதே பசைதான் வேணும். கறுப்பையும் நிறம் குடுத்துக் கொண்டுவரலாம். அண்ணை எந்த இடத்திலை கை வைச்சவர் எண்டு மட்டும் காட்டுங்கோ."

கையை வைத்தேன். எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். அந்த இடமும் இல்லை. அவருடைய கை எங்கிருந்து எங்குவரை இருந்தது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான்.