பொமேட்டுக்கு மேலே தலைப்பாகை

1. ஏழு பேணிகள்

கஜன் என்ற அந்தப் பிள்ளை சலூனுக்குள் வந்து என் கண்ணாடி மேசையில் தலைக்குப் பூசும் களிம்பு அடைத்த ஏழு தகரப் பேணிகளை வரிசையாக அடுக்கியபோதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கலியாணம். கனடாவிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வயது முப்பத்திரண்டு. மரியாதையான பேச்சு, நல்ல சுபாவம். ஆனால் ஏழு பேணி.

"அண்ணை, இது வோட்டர் பேஸ் பொமேட். இது ஒயில் பேஸ். இதிலை தேன்மெழுகு கூட. இந்தச் சின்னன் மீசைக்கு."

"நல்லது தம்பி. உமக்கு இருக்கிறது ஒரு தலைதானே?"

அவர் சிரித்துவிட்டு போனில் ஒரு படத்தைக் காட்டினார். பழைய கறுப்பு வெள்ளைக் காலத்துத் தலை. பக்கவாட்டில் கோடு கீறியது போலக் கன்ன உச்சி. முன்முடியை அலை மாதிரி உயர்த்திப் பின்னுக்கு இழுத்திருந்தது. பக்கங்கள் இரண்டும் பளபளவென்று படிந்திருந்தன. அதற்காக எட்டு மாதம் முடி வளர்த்திருக்கிறார்.

சுன்னாகத்தில் முப்பத்தொரு வருடமாகச் சலூன் வைத்திருக்கிறேன். பச்சைப் போத்தலில் வந்த பிறிலியன்ரீன் எண்ணெயைப் பூசி இதே தலையை எத்தனையோ வாத்திமாருக்கும் கிளாக்கர்மாருக்கும் இழுத்திருக்கிறேன். அப்போது அதற்கு விண்டேஜ் என்ற பெயர் இல்லை. தலை இழுக்கிறது என்றுதான் சொல்வோம்.

சீப்பை வைத்துப் பார்த்தபோது இரண்டு நெற்றிப் பக்கமும் முடி ஐதாகியிருப்பது தெரிந்தது. நான் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்குத் தெரிந்ததைக் கண்ணாடிக்கு முன் இருத்தி வைத்துத் திரும்பச் சொல்வது எங்கள் வேலை அல்ல. அவரே சொன்னார்:

"பொம்பிளை தர்சினியோடை ஆறு மாசமா வீடியோ கோலிலைதான் கதைச்சனான். அவ கண்டது இப்பிடி இழுத்த தலையைத்தான். மணவறையிலை வேறை ஆரோ வந்து இருக்கிற மாதிரி இருக்கக்கூடாது அண்ணை."

அதைக் கேட்டதும் எரிச்சலில் பாதி போய்விட்டது. சரி, பிள்ளை பயப்படுகிறது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். வோட்டர் பேஸ் பொமேட் தண்ணீரில் கரையும். கழுவுவது சுகம். ஆனால் எங்கள் வெயிலில் வேர்த்தால் அந்த வேர்வையிலேயே கரைந்துவிடும். ஒயில் பேஸ் என்பது கிறீஸும் மெழுகும் சேர்ந்தது. வேர்வைக்கு அசையாது. ஆனால் வெக்கைக்கு இளகும், சம்பூவுக்கும் இலேசில் போகாது. இரண்டிலும் குறை இருக்கிறது. பேணியில் அது எழுதியிருக்காது.

அன்று வோட்டர் பேஸில் செய்து விட்டேன். மோட்டார் சைக்கிளில் அளவெட்டிக்குப் போனவர் முக்கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். அலை விழுந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அப்ப ஒயில் பேஸ்தான் அண்ணை."

"பால் அறுகு வைக்கிறது?"

"அது விடிய. அதுக்குப் பிறகு குளிச்சிட்டுத்தானே தலை இழுப்பம்."

"தலைப்பாகை?"

"இல்லை. போடமாட்டன் எண்டு அம்மாவிட்டைச் சொல்லிட்டன்."

நான் அத்தோடு விட்டுவிட்டேன். என் பிழை அங்கேதான்.

2. பாலும் புல்லும்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அளவெட்டியில் அவர்கள் எடுத்திருந்த வீட்டுக்குப் பையோடு போனேன். முற்றத்தில் பந்தல். பந்தலுக்கு நடுவில் கஜன் ஒரு பலகையில் இருக்கிறார். சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து பாலில் தோய்த்த அறுகம்புல்லை அவர் தலையில் வைக்கிறார்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் வைத்த பால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு காதுக்குள் போகிறது. புல் அப்படியே தலையில் ஒட்டி நிற்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க ஒயில் பேஸ்.

"தம்பி, ஆர் இதைப் பூசினது?"

"நான்தான் அண்ணை. அஞ்சு மணிக்கு வீடியோக்காரர் வந்திட்டினம். மாப்பிள்ளை வெளிக்கிடுறதை முதலிலை எடுக்கவேணுமாம். கொஞ்சம்தான் போட்டனான்."

பேணியைப் பார்த்தேன். அரைவாசி இல்லை.

குளித்துவிட்டு வந்தார். மூன்று முறை சம்பூ போட்டாராம். கிறீஸும் பாலும் சேர்ந்து தலை கோந்து பூசினது போல இருந்தது. இப்போது சீப்பே போகாது. இதற்கு ஒரே வழி எண்ணெயை எண்ணெயால் எடுப்பதுதான். தேங்காயெண்ணெய் கேட்டேன். தலையில் ஊற்றி, விரலால் வேர் வரை பிசைந்து, கிறீஸ் இளகிய பிறகு கடலைமா போட்டு உரஞ்சவேண்டும். பாதியில் கஜனின் அம்மா இராசமணி அக்கா வந்துவிட்டார்.

"தம்பி, என்ன செய்யிறியள்? மாப்பிள்ளைக்குக் கலியாணத்தண்டு எண்ணெய் வைச்சு, மாவும் பூசி? வடை சுடப் போறியளோ?"

"அக்கா, பத்து நிமிசம் தாங்கோ."

"எட்டு மணிக்கு வெளிக்கிடவேணும்!"

"தெரியும் அக்கா."

இரண்டு தரம் மா போட்டுக் கழுவினேன். தலை காயவைக்க ட்ரையரை எடுத்தால் அறையில் ஒரே ஒரு பிளக். அதில் வீடியோக்காரரின் லைற். அணைக்கச் சொன்னால், "அண்ணை, நீங்கள் செய்யிறதையும் எடுக்கவேணும், லைற் இல்லாமல் என்னெண்டு எடுக்கிறது?" என்கிறார். நான் லைற்றின் வயரைப் பிடுங்கி என் வயரைச் செருகினேன். அவர் எடுத்த வீடியோவில் அந்த இடம் இருட்டாகத்தான் இருக்கும்.

வட்டப் பிறஷால் முன்முடியை வேரிலிருந்து உயர்த்திக் காயவைத்தேன். பிறகு சின்னவிரல் நகத்தளவு பொமேட் எடுத்து, உள்ளங்கை சுடும் வரை தேய்த்துக் கரைத்து, பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்னுக்கு வந்தேன். கடைசியில் கன்ன உச்சி. எட்டுக்கு இருபது நிமிடம் இருந்தபோது வேலை முடிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தத் தலை வடிவாக வந்திருந்தது. கஜன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோள் இரண்டும் தளர்ந்து, முதல் தடவையாக மாப்பிள்ளை போல இருந்தார்.

அப்போதுதான் மாமன்காரர் ஒருவர் ஒரு பெட்டியைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். உள்ளே சரிகை வைத்த தலைப்பாகை.

3. "நான் ஓமெண்டனானே?"

"அம்மா, தலைப்பா வேண்டாமெண்டு நான் சொன்னனான்."

"நீ சொன்னனீ. நான் ஓமெண்டனானே?"

முப்பத்தொரு வருடத் தொழிலில் என்னை இப்படித் திடுக்கிட வைத்த வசனம் வேறு இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்திருக்கிறார்கள். ஒருவர் சொல்லிவிட்டேன் என்று நினைத்தார். மற்றவர் கேட்டுவைத்தேன், அவ்வளவுதான் என்று நினைத்தார். நடுவில் நான் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மாவும் எண்ணெயும் பிசைந்திருக்கிறேன்.

கஜன் குரலை உயர்த்தினார். இராசமணி அக்கா உயர்த்தவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்து மெதுவாகச் சொன்னார்:

"எங்கடை கலியாணம் இடம்பெயர்ந்து போன இடத்திலை, ஒரு கோயில் மண்டபத்துக்கை நடந்தது. கொப்பர் இரவல் வேட்டியோடை நிண்டவர். தலைப்பாவும் இல்லை, ஒரு படமும் இல்லை. அந்த மனுசன் இண்டைக்கு இல்லை. உன்ரை தலையிலையாவது ஒருக்கா பாப்பமெண்டு..."

கஜன் தலைப்பாகைக்குத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

யாரில் கோபிப்பது? தாயிலும் பிழையில்லை, மகனிலும் பிழையில்லை. ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை. மாமன்காரரிடம் சொன்னேன்:

"அண்ணை, கீழை கிறீஸ் கிடக்கு. துணி பிடிக்காது, வழுகும். நெத்தியைச் சுத்தி ஒரு பருத்தித் துணி கட்டிப்போட்டு அதுக்கு மேலை வையுங்கோ."

"துணி கட்டினால் முன்முடி அமந்திடும்," என்றார் கஜன்.

"அப்ப தலைப்பாவைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பம்," என்றார் மாமன்காரர்.

"தளர்த்தினால் விழும்."

"விழாது தம்பி. நான் எத்தினை மாப்பிள்ளைக்குக் கட்டினனான்!"

உச்சியில் முடி குலையாமல் இருக்க, துணி கட்டாமல், உள்ளே கோழிமுட்டை வைக்கும் அளவுக்கு இடம் விட்டுத் தலைப்பாகையை வைத்தார்கள். நான் வீட்டுக்குப் போகப் பையை எடுத்தேன். இராசமணி அக்கா விடவில்லை.

"நீங்களும் மண்டபத்துக்கு வாங்கோ. ஏதும் எண்டால் ஆர் பாக்கிறது?"

4. கெட்டிமேளம்

மணவறைக்கு முன் ஓமம் எரிகிறது. இரண்டு பக்கமும் வீடியோ லைற். நான் வீடியோக்காரருக்குப் பக்கத்தில் பையோடு நிற்கிறேன். பெண் வந்து இருந்தார். கூறை மாற்றப் போனார். கஜனின் கன்னத்தில் மினுக்கமாக ஒரு கோடு இறங்குவதைக் கண்டேன். பொமேட் இளகத் தொடங்கிவிட்டது. தலைப்பாகை புருவத்துக்கு வந்தது. மேலே தள்ளினார். திரும்ப வந்தது. மாப்பிள்ளைத் தோழனாக நின்றிருந்த தர்சினியின் தம்பி பின்னாலிருந்து ஒரு தரம் இழுத்துவிட்டார். மாமன்காரரைத் தேடினேன். அவர் சாப்பாட்டுப் பக்கம் போயிருந்தார்.

பெண் கூறையோடு வந்து இருந்தார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம். கஜன் எழுந்து, திரும்பி, குனிந்தார். தலைப்பாகை நேரே மூக்கு வரை இறங்கியது.

இரண்டு கையிலும் தாலிக்கொடி. கண் தெரியவில்லை. முடிச்சுப் போடும் இடத்தை விரலால் தேடுகிறார். மேளக்காரர் விடாமல் அடிக்கிறார். எனக்கு உள்ளே வந்த கோபத்தில் மணவறைக்கு ஏறிவிடுவேன் போலிருந்தது. ஏறி என்ன செய்வது?

அப்போது தர்சினி, தலை குனிந்து இருந்த பெண், இரண்டு கையையும் உயர்த்தி அந்தத் தலைப்பாகையைக் கழற்றித் தன் மடியில் வைத்தார். கஜனின் தலை வெளியே வந்தது. அலையும் இல்லை, உச்சியும் இல்லை. நனைந்த கோழி போல முடி படிந்து, இரண்டு நெற்றிப் பக்கமும் வெறுமையாகத் தெரிந்தன. அவர் முகம் கறுத்துவிட்டது.

தர்சினி நிமிர்ந்து பார்த்தார். கிட்ட நின்றதால் எனக்குக் கேட்டது.

"இப்பதான் முகம் தெரியுது. கட்டுங்கோ."

மூன்று முடிச்சும் விழுந்தன. பின்வரிசையில் யாரோ சகுனம் என்று தொடங்க, ஐயர், "தாலி ஏறிட்டுது, அரிசியைப் போடுங்கோ," என்று சத்தமாகச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் இராசமணி அக்கா என்னைத் தேடி வந்தார்.

"என்ரை பிள்ளையின்ரை தலையிலை என்னத்தைப் பூசினனீங்கள்?"

"கிறீஸ் அக்கா! கிறீஸுக்கு மேலை தலைப்பா நிக்காதெண்டு சொன்னனான். ஆர் கேட்டது?"

சபைக்குள் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பின்னாலே வந்த கஜன் சொன்னார்:

"அண்ணையிலை பிழையில்லை அம்மா. தலைப்பா இல்லையெண்டு நான்தான் அவருக்குச் சொன்னனான்."

கஜனைப் பக்கத்து அறைக்குள் இருத்தினேன். பெண்ணுக்கு மேக்கப் செய்தவரிடம் பவுடர் வாங்கி வேர் வரை தட்டினேன். பவுடர் கிறீஸை உறிஞ்சியதும் துவாயால் அழுத்தித் துடைத்தேன். வெள்ளைத் துணியில் ஒரு கீலம் கிழித்து நெற்றியைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் தலைப்பாகையை இறுக்கி வைத்தேன். பிறகு அது அசையவில்லை. தாயும் மகனும் மருமகளும் நின்று படம் எடுத்தார்கள். இராசமணி அக்கா கமராவின் சின்னத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தார். "இன்னொருக்காக் காட்டுங்கோ தம்பி," என்றார். மூன்றாம் தரமும் கேட்டார். நான் கத்தியது எனக்கு இன்னும் உறுத்தியது.

பின்னேர றிசெப்சன் ஏசி மண்டபத்தில். வேர்வை இல்லை. தலையைத் திரும்ப மா போட்டுக் கழுவி, வோட்டர் பேஸில் கொஞ்சம் எடுத்து அதே தலையை இழுத்துவிட்டேன். இரவு வரை நின்றது. தர்சினி பக்கத்தில் நின்று பார்த்தார்.

"எந்தப் பேணி எண்டு எனக்குக் காட்டிவிடுங்கோ அண்ணை. இனி நான்தானே பாக்கவேணும்."

காட்டினேன். மற்ற ஆறையும் பூட்டி வைக்கச் சொன்னேன்.

5. படித்தது

பொமேட்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எது இளகும், எது கரையும், எதை எதனால் கழுவுவது, எல்லாம். அந்தத் தலைக்கு மேல் அன்றைக்கு என்னென்ன வரப்போகிறது என்பதை மட்டும் கேட்கவேண்டிய ஆளிடம் நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டேன். மாப்பிள்ளைக்கு அவருடைய கலியாணத்தைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். சீப்பை எடுப்பதற்கு முதல் வீட்டில் முடிவெடுக்கிறவர் யார் என்று கண்டுபிடியுங்கள். தொழிலில் பாதி அதுதான்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்தது. கலியாணத்துக்கு இதே மாதிரித் தலை வேண்டுமாம். கையில் இரண்டு பேணி.

"தலைப்பாகை?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. அதெல்லாம் கதைச்சு முடிச்சிட்டம்."

"நல்லது. அம்மாவின்ரை நம்பரைத் தாரும்."

பிள்ளை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நம்பர் வாங்கி அங்கேயே கோல் எடுத்தேன். சலூனில் இருந்து கதைக்கிறேன், தலைப்பாகை இல்லையாமே என்று கேட்டேன்.



"ஆர் சொன்னது?" என்றார் அந்த அம்மா.

நான் போனை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பேணிகள் இரண்டையும் மூடி வைத்தேன்.