தையல்கார அக்காவின் ஏழு மணி ஜெபம்

வாயில் நான்கு குண்டூசி இருக்கும்போதுதான் தையல்கார அக்காவுக்கு ஆண்டவரிடம் பேச நிறைய விஷயம் வரும். "இந்த நூலு அறுந்துக்கிட்டே இருக்கு, என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பார், பல்லைக் கடித்தபடி. அளவு கொடுக்க நிற்கிறவர்கள், தங்களிடம்தான் கேட்கிறாரோ என்று விழிப்பார்கள். "உங்ககிட்ட இல்லம்மா, நீங்க கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு மெஷின், வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி. பள்ளிச் சீருடைதான் அதிகம் வரும். காலர் வைப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பட்டனுக்குக் காஜா எடுக்க மட்டும் பொறுமை கிடையாது. அதை எப்போதும் நாளைக்குத் தள்ளிவிடுவார். யாராவது முகத்தைச் சுளித்தால், "சட்டை முடிஞ்சாச்சு, காஜாதான் பாக்கி" என்பார், அப்படியே போட்டுக்கொண்டு போனால் என்ன என்பதுபோல.

மெஷினை உள்பக்கம் பார்த்தபடி திருப்பிப் போட்டிருக்கிறார். அப்போதுதான் உள்ளறை நாற்காலியில் இருக்கும் கணவர் கண்ணில் படுவார். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி, குறுக்கே வந்தவர்களையெல்லாம் அதட்டித் தீர்த்த மனிதர். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. அக்காவின் வேண்டுதல் பெரிதாக ஒன்றுமில்லை. "கைகூட அப்புறம் வரட்டும். ஒரு வார்த்தை பேசட்டும். என்னைத் திட்டினாலும் சந்தோஷம்தான்."

போன மாதம், பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் வாசலில் நின்று குரலைத் தணித்து, "இனிமே ரொம்ப எதிர்பார்க்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். யாருடைய சீருடைத் துணியோ, அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அழுகைக்கு நடுவிலும் பேச்சு நிற்கவில்லை. "என்னால முடியலப்பா. நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க, அது போதும்." கால் மணி நேரத்தில் எழுந்து முகம் கழுவினார். அந்தத் துணியையும் அலசிப் போட்டார். ஆண்டவர் வந்து உட்கார்ந்தார் என்பதில் அக்காவுக்குத் துளியும் சந்தேகமில்லை. உட்காராவிட்டால் அன்று மிச்சமிருந்த பதினோரு காலரையும் நான் எப்படித் தைத்திருப்பேன் என்று திருப்பிக் கேட்கிறார்.

எதிர்வீட்டு நர்ஸ் ஒருநாள் கேட்டே விட்டாள். "வீட்டுக்காரரும் பதில் சொல்றதில்ல, சாமியும் பதில் சொல்றதில்ல. உங்களுக்குச் சலிச்சுப் போகலையாக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரும் நல்லாக் கேக்குறாங்கல்ல. கேக்க ஆளு இருந்தா எனக்குப் பேசவா தெரியாது?"

சாயங்காலம் ஏழு மணிக்குக் கணவரின் நாற்காலி அருகில் முழங்கால் போடுவார். அந்த ஜெபம் லேசில் முடியாது. தெருமுனையில் தொடங்கி, வீடு வீடாகப் போகும். நர்ஸின் மாமியாருக்குத் தூக்கம், பாஸ்டரின் மூட்டுக்குச் சுகம், வேலை தேடும் பெண்ணுக்கு வேலை, மாடிவீட்டுப் பூனைக்கும் ஏதாவது. யாரையாவது விட்டுவிட்டால் மனது கேட்காமல் திரும்பிப்போய்ச் சேர்த்துக்கொள்வார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸும் வந்து உட்கார்ந்திருந்தாள். அரை மணி தாண்டியும் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் ரகசியமாக ஒரு கொட்டாவி விட்டாள். அக்கா கண்ணை மூடியபடி மூன்றாவது தெருவுக்குள் நுழைந்தபோது நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, இழுத்து, ஆனால் தெளிவாக.

"ஆ... மென்."

அக்கா கண்ணைத் திறந்தார். கணவர் இடது கையை நீட்டி அக்காவின் வாயைப் பொத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். போதும், முடி என்று அர்த்தம். அக்காவுக்குக் கண்ணீர் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம். அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

அவர் குறுக்கே வந்த சைக்கிளைப் பார்ப்பதுபோல முறைத்தார்.

"சொல்லாம எங்க போயிடுவீங்க" என்ற அக்கா, முழங்காலைச் சரிப்படுத்திக்கொண்டு, கைகூப்பி, கண்ணை இறுக மூடி, தெருமுனை வீட்டிலிருந்து ஜெபத்தை மறுபடி தொடங்கினார்.