அடுப்பில்லாத வேலை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் அச்சகத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அண்ணி கடையில விழுந்துட்டா" என்றான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அதைச் சொன்னான். பிறகு, "நீ மெதுவாவே வா. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான். அவசரம் இல்லை என்று அவன் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. லென்ஸ் பொருத்துவார், தளர்ந்த திருகை முறுக்குவார், சட்டத்தைச் சூடுகாட்டி வளைத்து ஆளின் காதுக்கு ஏற்றபடி பண்ணித் தருவார். அன்றும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார். "வலது பக்கம் அழுத்துதா?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தபால்காரர் கண்ணாடியின் ஒரு கால் மட்டும் காதில் மாட்டியிருக்க, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே நின்றாராம்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் அவரைக் கண்ணாடிக் கடைக்காரி என்று சொன்னதில்லை. அவருக்கு எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான். உருண்டை அண்ணி.

அந்தப் பெயர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பத்திரிகையில் பார்த்தாராம்: க்ரீம் பிஸ்கட்டைப் பொடி செய்து, க்ரீம் சீஸ் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, குளிர வைத்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தால் ட்ரஃபிள். தலைப்பில் 'அடுப்பே வேண்டாம், பத்தே நிமிடம்' என்று போட்டிருந்தது. அந்த ஆண்டுக் கடைசி விடுமுறையில் வீட்டுக்கு எல்லோரும் வந்தபோது நாற்பது உருண்டை செய்து வைத்தார். தட்டு மேசைக்கு வந்த வேகத்திலேயே காலி. பெரியம்மா கடைசி ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வருடம் எண்பது. அதற்கடுத்த வருடம் அண்ணனின் அலுவலக விருந்து சேர்ந்தது. பிறகு பிள்ளைகளின் பள்ளி, பிறகு அடுக்குமாடிச் சங்கம். சங்கத்தின் தலைவர் ஒருமுறை படிக்கட்டில் அண்ணியை நிறுத்தி, "உங்களுக்கென்னம்மா, அடுப்பு கூட பத்த வைக்க வேணாம். சும்மா உருட்டிப் போடுறதுதானே. ஒரு இருநூறு போட்டுருங்க" என்றார். அடுப்பு எரியாத வேலையை எங்கள் வீட்டிலும் யாரும் வேலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சமையல் என்றால் வியர்க்க வேண்டும், புகை வர வேண்டும். இதில் ஒரு சத்தம்கூட இல்லை. சாக்லேட்டை உருக்க வெந்நீர் கொதிக்க வேண்டும் என்பதைப் பத்திரிகைக்காரர்களே மறந்துவிட்டார்கள். தலைவரை என்ன சொல்வது.

உண்மையில் அது ஆளைக் கட்டிப்போடும் வேலை. அண்ணியின் ஃப்ரீஸரில் இரண்டு தட்டுதான் நுழையும். ஒரு தட்டில் இருபது உருண்டை. அரை மணி நேரம் உள்ளே இருக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் சூடான சாக்லேட்டில் கரைந்து, முக்கிய முள்கரண்டி மட்டும் வெளியே வரும். அதிகநேரம் விட்டால் முக்கியதும் மேலோடு வெடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் உருக்கிய சாக்லேட் மொத்தமும் மணல் மாதிரி இறுகிக்கொள்ளும். ஆகவே ஆண்டின் கடைசிப் பத்து நாளும் அண்ணி அரை மணி அரை மணியாகவே வாழ்ந்தார். கடைக்கு விடுப்பு. குளிப்பது அரை மணிக்குள். பிள்ளைகளோடு சண்டையும் அரை மணிக்குள்.

"வேற யாராவது உருட்டக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டார். எல்லோரும் முயன்று பார்த்தோம். எங்கள் கையில் பிசைந்த மாவு இளகி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. அம்மா அண்ணியின் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள்.

"பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு. இந்தக் கைக்குத்தான் உருண்டை நிக்கும். பிறவியிலேயே வந்தது, நாம என்ன பண்ண முடியும்?"

கேலியாகச் சொல்லவில்லை. மனதாரப் பாராட்டித்தான் சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அண்ணிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நீச்சல் கற்க வேண்டும். எங்கள் தெருவிலிருந்து கால் மணி நேர நடையில் நகராட்சிக் குளம். பெண்களுக்கான தொடக்க வகுப்பு ஆண்டுக்கு ஒருமுறைதான், அதுவும் ஆண்டுக் கடைசி விடுமுறையில். ஏனென்றால் சொல்லித் தருபவர் ஒரு பள்ளியின் பி.டி. டீச்சர், அவருக்கு அப்போதுதான் ஓய்வு. பத்து நாள், காலை ஏழிலிருந்து எட்டு. போய் வரவே அரை மணி. தட்டுகள் ஃப்ரீஸரில் இருக்கும்போது குளத்தின் வாசல்வரை போய்த் திரும்பலாம். நீந்த முடியாது.

"எதுக்கு அண்ணி இந்த வயசுல நீச்சல்?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள முங்கினா யார் கூப்பிட்டாலும் கேக்காதாமே" என்றார்.

அவர் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. ஒரு வருடம் வேண்டுமென்றே கைநிறைய உப்பை அள்ளி மாவில் போட்டார். என்னிடம் மட்டும் சொன்னார். "ஒரு தடவை துப்புனாங்கன்னா போதும் குட்டி, அடுத்த வருஷம் கேக்க மாட்டாங்க." விருந்தன்று நாங்கள் இருவரும் கதவோரம் நின்று பார்த்தோம். பெரியப்பா மகன் ஒன்றை வாயில் போட்டான். கண்ணை மூடினான். மெதுவாக மென்றான்.

"அண்ணி, இது சால்ட்டட் சாக்லேட்தானே? பெரிய ஓட்டல்ல இதுக்கு வரிசையில நிக்கிறாங்க. எங்க கத்துக்கிட்டீங்க?"

அடுத்த வருடம் இரண்டு வகையும் கேட்டார்கள். அவன் அப்படிக் கேட்ட அன்று அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் வந்துகொண்டிருந்தது.

போன வருடம் ஒருவழியாக வகுப்பில் சேர்ந்தார். காலை இரண்டு மணி நேரம் அவர் வேலையை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முகம் சுருங்கியது, ஆனால் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் எட்டே காலுக்குத் திரும்பி வந்தவர் தலையைக்கூடத் துவட்டாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"மல்லாந்து மிதந்தேன். டீச்சர் முதுகுக்குக் கீழ கை வச்சிருந்தாங்க, ஆனாலும் மிதந்தேன். கூரையில ஏழு விளக்கு. ஒண்ணு எரியல."

"அதையா எண்ணிட்டிருந்தீங்க?"

"வேற வேலையே இல்லையே" என்றார். அதை அவர் சொன்னபோது இருந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான்காம் நாள் அண்ணனின் அலுவலக விருந்து, பத்து மணிக்கு. ஆறரைக்கே நான் உருட்டத் தொடங்கினேன். என் உருண்டைகள் தட்டில் வைத்ததும் உட்கார்ந்துகொண்டன. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "உருண்டை கேட்டா கோட்டுப் பொத்தான் பண்ணி வச்சிருக்க" என்றான். பதற்றத்தில் ஈரக் கரண்டியைச் சாக்லேட்டுக்குள் விட்டேன். பாத்திரம் முழுக்க இறுகிப்போயிற்று.

அண்ணி அப்போது தோளில் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைக் கூப்பிடவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

"அண்ணி, சாக்லேட் கட்டி தட்டிருச்சு."

கொஞ்ச நேரம் ஒரு செருப்போடு நின்றார். பிறகு பையைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு வந்து கை கழுவினார். "வேற பாத்திரம் எடு. நல்லா துடைச்சு எடு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் குளத்துக்குப் போனபோது டீச்சர் பட்டியலில் அண்ணியின் பெயரை அடித்திருந்தார். காத்திருந்த இன்னொரு பெண்ணுக்கு இடம் போய்விட்டது. "நாலாவது நாள்தான் நாங்க கைய எடுப்போம். அதுக்கு வராதவங்கள அஞ்சாவது நாள் தண்ணியில இறக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்றாராம். அவர் சொன்னதில் தவறில்லை. அண்ணி கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒன்பது மணிக்குத் தட்டை ஃப்ரீஸரில் வைத்தார், ஒன்பதரைக்கு எடுத்தார்.

இந்த வருடம் நான் அப்படி விடக்கூடாது என்றிருந்தேன். பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அண்ணி முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தார். கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவர் சமையலறையில் எனக்குப் பயிற்சி. ஐஸ் தண்ணீரில் கையை முக்கி, நன்றாகத் துடைத்து, நாலு உருண்டை உருட்டி, மறுபடி முக்க வேண்டும். அண்ணி எதிரே நாற்காலியில் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணி இப்படி உக்காந்திருக்கீங்க?"

"வெளியில இருந்தா தானா வந்து உருட்டிரும். நீயே பண்ணு."

"இது உருண்டையா இருக்கா?"

"ஒரு பக்கம் பாத்தா உருண்டை. தட்டுல வைக்கிறப்ப அந்தப் பக்கத்தை ஆளுங்களுக்குக் காட்டு."

"கை மரத்துப்போச்சு."

"எனக்கு வருஷம் பூரா அப்படித்தான். பழகிரும்."

அப்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் உருட்டினேன். மூன்றாவது ஞாயிறு நான் உருட்டிய அறுபதும் வெடிக்காமல், உட்காராமல் வந்தன. அண்ணி ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கண்ணாடிச் சட்டத்தை வெளிச்சத்தில் பார்ப்பது மாதிரி. "போதும். இனிமே நான் வேண்டாம்" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். வகுப்பு வியாழக்கிழமை தொடங்குவதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார். முன்னால் ஏதாவது தொந்தரவு இருந்ததா என்று அண்ணனிடம் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"சீக்கிரம் களைச்சுப் போறது, மூச்சு வாங்குறது, கை கால் குளிர்ந்து போறது?"

"கை எப்பவுமே ஜில்லுன்னுதான் இருக்கும் டாக்டர். அதனாலதான் உருண்டை..."

அண்ணன் அங்கே நிறுத்திவிட்டான். டாக்டர் ஏதோ எழுதினார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மா நாற்காலியில் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இன்று சடங்கெல்லாம் முடிந்து, வந்திருந்தவர்கள் கிளம்பும் நேரத்தில், பெரியம்மா என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போனாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அவ இருந்தா இந்நேரம் உருண்டை போட ஆரம்பிச்சிருப்பா. உனக்குச் சொல்லிக் குடுத்தாளாமே?"

"இல்ல பெரியம்மா."

"அம்மா சொன்னாளே, நீ மூணு வாரமா வந்து கத்துக்கிட்டேன்னு."

"எனக்கு வரல. கை சூடு" என்றேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்க்கத் தன் கையை நீட்டினாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். பொய் சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அடுத்த வருடம் இதே நாட்களில் இதே சமையலறையில் யார் நிற்பார்கள் என்று யோசித்தேன். அண்ணனுக்கு ஒரு பெண் இருக்கிறாள். பதினாறு வயது. மாலையெல்லாம் அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் தூங்கிய பிறகு, அண்ணியின் பொருட்களை எடுத்துவைக்க என்னிடம்தான் சொன்னார்கள். துணி அலமாரியில் மேல்தட்டில் கடைச் சீட்டோடு ஒரு பை இருந்தது. முழங்கால்வரை வரும் கருநீல நீச்சல் உடை. போன வருடம் குளத்திலேயே இரவல் வாங்கிப் போட்டார்; இது சொந்தமாக வாங்கியது. அவர் உயரத்துக்குக் கால் நீளமாக இருந்திருக்கிறது. இடது கால் மடித்துத் தைத்து முடித்திருக்கிறது. வலது காலில் நாலு குண்டூசி மட்டும் குத்தியிருக்கிறது.