வாழைமண்டிக்கு மேலே நான்கு விரல்கள்

அந்த ஒரு நிமிடம் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? இன்னும் பதில் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, என் ஒன்றரை வயது மகள் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு மைசூர் ஹெப்பாளில் ஆட்டோ ஏறினேன். தேவராஜ மொஹல்லாவுக்கு இருநூறு ரூபாய் கேட்டார்.

"மீட்டர் போடுங்கண்ணா."

"மார்க்கெட் ட்ராஃபிக்ல மீட்டரே அழுதுடும்மா!"

சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியில் லூசியனின் அச்சுப் பட்டறை; அவர் வேலையைப் பார்க்கத்தான் போனேன். பிரெஞ்சுக்காரர். தந்தை மதுப்புட்டி லேபிள்களுக்குத் தகடு செதுக்கியவர். மகன் அதே உளியோடு ஊர் சுற்றி, மைசூர்ப் பெண் பத்மாவை மணந்து இங்கேயே தங்கிவிட்டார். நான்கு மாதமாக ஒரு வாழைமண்டியைச் செப்புத் தகட்டில் செதுக்கியிருந்தார். கடைப் பலகை எழுத்துகள்கூட இடவலம் மாறி இருந்தன, அச்சில்தான் நேராகுமாம்.

அன்று வானம் மட்டும் பாக்கி. தகட்டில் மெழுகும் கொழுப்பும் கலந்து பூசியிருந்தார். எதை அழுத்தினாலும் அந்த இடத்தில் பூச்சு விலகும். அங்கே அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிற்கும்.

அமிலத்திலிருந்து எடுத்த தகட்டை அவர் அலசும்போதுதான் யாழினியின் விரல்களில் பழுப்பு மெழுகைக் கண்டேன்.

"வாயில வச்சிருப்பாளா?"

"வெறும் மெழுகுதான், பயப்படாதீங்க. ஆசிட் பக்கம் அவ போகவே இல்ல, நான் அங்கேயேதான நின்னேன்" என்றார் பத்மா. பிறகு மெதுவாக, "ஆனா எங்க தொட்டா?"

லூசியன் மை தடவி, துடைத்து, அச்சுச் சக்கரத்தைச் சுற்றித் தாளை உரித்தார். வாழைத்தார்களுக்கு மேலே, பந்தலின் மீது, நான்கு சின்ன விரல்கள். ரேகைகூடத் தெளிவாக.

"ஆகாசம் வரலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்களே, பாருங்க, ஆள் வந்தாச்சு!" என்றார் பத்மா.

லூசியன் சிரிக்கவில்லை. மனைவியிடம் கற்ற தமிழில் சொன்னார்: "எனக்குப் பிடிக்குது. வேணாம்னா தேய்ச்சு அழிக்கலாம். கீழே பந்தல் கோடும் போகும். நீங்க சொல்லுங்க. குழந்தை உங்களுது."

முப்பது பிரதிகள் எடுத்ததும் தகட்டின் குறுக்கே கீறிவிடுவது இவர்கள் வழக்கம். பிறகு யாரும் அச்சிட முடியாது. ஆனால் அந்த முப்பதும் விற்பனைக்குப் பிரான்சு போகும்.

கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் போனிலேயே பதறினார்: "அழிக்கச் சொல்லிடு. பாஸ்வேர்டுன்னா மாத்திக்கலாம், விரல மாத்த முடியுமா?"

திரும்பும் வழியெல்லாம் அவள் கையைப் பிடித்தபடியே வந்தேன். அடுத்த சனிக்கிழமைவரை தகட்டைத் தொடமாட்டேன் என்றிருக்கிறார் லூசியன். அவள் ரேகையை முன்பின் தெரியாதவர்கள் வீட்டுச் சுவருக்குக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? ஒருவரின் நான்கு மாத உழைப்பைத் தேய்க்கச் சொல்லத்தான் என்ன உரிமை? பிள்ளை வளர்த்தவர்கள், நான் என்ன சொல்லட்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதுங்கள்.